சக்கரம் வைத்த வீட்டில் இத்தா

அஜீசுன்னிசாவின் வீட்டுக்கு நான்கு சக்கரம். ஐந்தாவது கூரைமேல் கட்டியிருந்தது.

சண்டைக் காலத்தில் அது ராணுவத்தின் ஆஸ்பத்திரி வண்டி. சண்டை முடிந்ததும் பழைய ராணுவச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அமீர் போய் அந்த வண்டியை எடுத்துவந்தான். ராயபுரத்தில் ஒரு பட்டறையில் அவன் மோட்டார் மெக்கானிக். கல்யாணமான புதிது. வண்ணாரப்பேட்டையில் அண்ணன் ரஷீதின் வீட்டில், கூடத்து மூலையில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் குடித்தனம் நடந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் ரஷீதின் வளர்ந்த பையன்கள். அஜீசுன்னிசா இருமினால்கூட கூடத்தில் பேச்சு நின்றுவிடும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னதில்லை. அமீருக்குத் தெரிந்திருந்தது.

வண்டிக்குள் அடிபட்டவர்களைப் படுக்கவைக்கும் தட்டுகள் இருந்தன. கீழ்த்தட்டை அகலப்படுத்திக் கட்டிலாக்கினான். மேல்தட்டு சாமானுக்கு. பின்கதவை ஒட்டித் தகரம் அடித்து அடுப்பு மேடை. புகை போகக் கூரையில் ஒரு மூடி. ஓட்டுகிறவன் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதில் கையகலத்துக்கு ஒரு சன்னல். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அளவெடுத்து ஒரு பள்ளம் வெட்டினான், வண்டி ஓடும்போது உருளக்கூடாது என்று. ராயபுரத்தில் விறகு விற்கும் தொட்டி ஒன்றின் பின்புறம் நிறுத்திக்கொள்ள இடம் கிடைத்தது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டை எடுத்துக்கொண்டு எண்ணூர் வரை போய்வருவார்கள். ஊர் சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள்.

உண்டாகியிருக்கிறேன் என்று அவள் சொன்ன அன்று, தூளி கட்டுவதற்குக் கூரைச் சட்டத்தில் இரண்டு கொக்கி பொருத்தினான். ஒவ்வொன்றிலும் தன் முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்த்தான்.

அந்த மாதக் கடைசியில் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி நழுவியது. கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விவரம்.

புருஷன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பிள்ளை உண்டாகியிருந்தால் கணக்கு வேறு. பிறக்கும்வரை இருக்க வேண்டும். இருக்க வேண்டிய இடம் புருஷன் வீடு. அஜீசுன்னிசா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். விறகுத் தொட்டிக்காரர் இடத்தை யாருக்கோ கிடங்கு கட்ட விற்றுவிட்டார். வண்டியை எடுக்கச் சொல்லி ஆள் வந்தது. ரஷீது, பள்ளிவாசல் ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அஜீசுன்னிசாவின் தம்பி ரஹீமும் எண்ணூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு அங்கே உப்பளத்தில் வேலை. எல்லோரும் விறகுக் கட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். அஜீசுன்னிசா திரை போட்ட சன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

"நம்ம வூட்டுக்கு வந்துடு அஜீசு," என்றார் ரஷீது. "மூலை காலியாத்தான் கீது. பழைய மாரி சேலை கட்டிக்கலாம்."

"என் வூட்டை வுட்டுட்டு எப்படி மச்சான் வர்றது? இத்தாவுல கீறேன்."

"இது வூடாம்மா? லாரி. அமீரு பொஞ்சாதி லாரியில இத்தா இருக்கான்னு நாலு பேரு பேச மாட்டான்?"

"அவுரு இருந்த எடம் இதான். புள்ளையும் இதுலதான் பொறக்கணும். வூடு நகரணும்னா நகரட்டும். நான் உள்ளயே இருக்கேன். வூடு எங்க போவுதோ அங்க நானும் போறேன்."

பெரியவர்களில் ஒருவர் தாடியைத் தடவினார். இப்படி ஒரு கேள்வியை எந்த மார்க்கக் கிதாபிலும் படித்த ஞாபகம் இல்லை என்றார். ரஹீம், தன் குடிசைக்குப் பக்கத்தில் மேடான இடம் இருக்கிறது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்றான்.

"வழியில எறங்க வேண்டி வந்துச்சுன்னா?" ரஷீது கேட்டார்.

"வராது. புள்ள பொறக்குற வரிக்கும் என் காலு மண்ணுல படாது. பட்டுச்சுன்னா அன்னிக்கே உங்க வூட்டுக்கு வந்துடறேன். வண்டியை நீங்க இரும்புக் கடைக்குப் போட்டுடுங்க."

துணைக்கு இன்னும் ஒரு ஆளை அனுப்பிவைத்தால் நல்லது, நடந்ததைப் பார்த்து வந்து சொல்வான் என்றார் மற்றப் பெரியவர். ரஷீது எழுந்து வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார்.

"யாரும் வாணாம். பட்டுச்சுன்னா அவளே சொல்லுவா."

*

மாசி மாதம். விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. ஓட்டுவதற்குத் துரை வந்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், அமீரின் தோஸ்து. ரஹீம் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பலகைச் சுவருக்குப் பின்னால் அஜீசுன்னிசா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பவில்லை. அமீர் போனபின் அந்த எஞ்சினை யாரும் தொட்டிருக்கவில்லை. துரை முன்னால் போய்க் கம்பியைக் கொடுத்துச் சுழற்றினான். எஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டு நின்றது. துரை அதன் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்கண்ணி. உங்களைச் சொல்லலை. இந்தச் சனியனைச் சொன்னேன்."

"அவுரும் அதேதான் சொல்லுவாரு," என்றாள் உள்ளிருந்து.

பெட்ரோல் வரும் குழாயில் கசடு. அதைக் கழற்றி ஊதி மாட்டி, விறகு பிளக்கிறவர்கள் சேர்ந்து தள்ளி, எஞ்சின் பிடித்துக்கொண்டபோது வெயில் ஏறிவிட்டது. பள்ளங்களில் உட்கார்ந்திருந்த பாத்திரங்கள் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தன. ஒன்றும் உருளவில்லை.

அவள் வெளியே பார்க்க இருந்தது பின்கதவின் சின்னக் கண்ணாடியும், பக்கத்துச் சன்னலில் திரை சேராத ஒரு விரல் இடைவெளியும்தான். எதிரே வருவது எதுவும் தெரியாது. கடந்துபோனதுதான் தெரியும். காசிமேட்டில் கரையில் ஏற்றிய கட்டுமரங்கள் தெரிந்தன. வலை உலர்த்தும் மணல். அதற்கு அப்பால் நீலம். முன்பு இந்த வழியே போகும்போது அவள் பலகைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பதையெல்லாம் அமீரிடம் சொல்லிக்கொண்டே வருவாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு "ஆங், ஆங்" என்பான். இப்போது வாய்வரை வந்தது, ஒரு கட்டுமரத்தின்மேல் நாய் உட்கார்ந்திருக்கிறது என்று. பலகைக்கு அந்தப் பக்கம் துரை இருந்தான். சொல்லவில்லை.

தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம் ரோட்டை வெட்டுகிற இடத்தில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. பெட்டிகளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். துரை எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தள்ள ஆள் தேட வேண்டும். அதனால் அது கொதிக்க ஆரம்பித்தது.

அமீர் வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். வெயிலிலும் மழையிலும் அது தேய்ந்து, அடியிலிருந்து பழைய சிவப்புச் சிலுவை எட்டிப் பார்த்தது. கேட்டில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"ஐயோ, ஊசி வண்டி!"

அம்மை குத்திவிடுவார்கள் என்று பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். நடைபாதை காலியாயிற்று. ஒரு கிழவர் மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வந்து கதவைத் தட்டினார்.

"டாக்டரம்மா."

அஜீசுன்னிசா மூச்சுக் காட்டவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு முட்டி வலி. ஒக்காந்தா ஏந்திரிக்க முடியலை. வவுத்துல காத்து பொரண்டுகினே கீது. ராவுல தூக்கமில்லை. மருமவ கஞ்சியில உப்பே போடறதில்லை. உப்பு ஆவாதுன்னு எந்த டாக்டரு சொன்னான்னு கேக்குறேன், அதுக்குப் பதில் இல்லை. எம் பொண்டாட்டி போயி மூணு வருசமாவுது. அவ இருந்தா..."

கிழவர் சொல்லிக்கொண்டே போனார். மனைவி மீன் குழம்பு வைக்கும் விதத்தைச் சொன்னார். அவள் பல்வலியைச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் அஜீசுன்னிசா காதைக் கதவோடு வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக வந்தவர்கள் எல்லாம் அவளுக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். முட்டி வலியைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை.

கூட்ஸ் வண்டி ஊதியது. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"டாக்டர் இல்லீங்க," என்றாள் மெதுவாக.

வெளியே கம்பு ஒருமுறை தரையில் தட்டியது.

"அப்ப இன்னாத்துக்கு இம்மா நேரம் கேட்டுகினு இருந்தே?"

வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் கிழவர் கம்பை ஆட்டித் திட்டிக்கொண்டே சின்னதாகிப் போனார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், யாரோ பார்த்துவிட்டதைப் போல.

திருவொற்றியூரில் தேர். போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரமாக நிறுத்திவிட்டார். தேர் நிலைக்கு வரும்வரை ஒரு வண்டியும் போகக்கூடாது. திரை இடைவெளியில் ஓட்டு வீடுகளின் கூரை தெரிந்தது. அந்தக் கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி மட்டும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கொட்டுச் சத்தம் வண்டியின் தகரத்தில் வந்து மோதியது. வயிற்றில் பிள்ளை உதைத்தது. இரண்டு உதை, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. அந்த நேரத்தில் யாரையாவது கூப்பிட்டு வயிற்றில் கைவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் இரண்டு ஆண்கள்.

"அக்கா, மோர் வேணுமா?" ரஹீம் பலகைச் சன்னலைத் தட்டினான்.

"வாணாம்."

"தேர் இப்போதைக்கு வராது போலக்கீது. துரை ரெண்டு சொம்பு உள்ள தள்ளிட்டாரு."

"ரேடியேட்டருக்கு ஊத்துன தண்ணியில பாதி எனக்குத்தான் ஊத்தணும் மாமு," என்றான் துரை. "அதுவும் கொதிக்குது, நானும் கொதிக்கறேன்."

*

எர்ணாவூர் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். நடுவில் ரோடு. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. உப்புக் குவியல்கள்மேல் பனையோலை மூடியிருந்தது. பிற்பகல் காற்று கடலிலிருந்து எழுந்து, மணலை ரோட்டின்மேல் பாய்போல் விரித்துக்கொண்டிருந்தது.

துரை மணலைப் பார்த்தான். அது ரோட்டுக்குமேல் மெல்லிய படலம்தான் என்று நினைத்தான். ஓரத்தில் மணலுக்கு அடியில் ரோடே இல்லை. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை இறங்கின. வண்டி உப்பளப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நின்றது.

அஜீசுன்னிசா கட்டிலிலிருந்து சறுக்கி எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்தாள். அடுப்பு மேடையின் தகரம் கிறீச்சிட்டது.

"அக்கா!"

"ஒண்ணும் ஆவலை. நல்லாத்தான் கீறேன்."

துரை டயர்களில் காற்றை இறக்கிவிட்டான். காற்று குறைந்தால் டயர் அகலமாகும், மணலில் பிடிக்கும். பிடிக்கவில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. குப்பத்திலிருந்து மீனவர்கள் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். முதலில் பாரத்தைக் குறைக்கலாம் என்றார்கள். பின்கதவைத் திறந்து, அவள் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்க, பெண்கள் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். டிரங்குப் பெட்டி, அம்மி, தண்ணீர்த் தவலை, அரிசிப் பானை, படுக்கை. மணல்மேல் ஒரு குடித்தனம் முழுவதும் வரிசையாக உட்கார்ந்தது. உள்ளே வெறும் பள்ளங்களும் அவளும்.

மறுபடி தள்ளினார்கள். வண்டி அசைந்தது, முன்னால் போவதற்குப் பதிலாகப் பள்ளத்துப் பக்கம் இன்னும் சாய்ந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு விலகினார்கள்.

கெங்கம்மா என்று ஒருத்தி, மீன் கூடை சுமந்து சுமந்து உச்சந்தலை முடி தேய்ந்தவள், கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"யம்மா, எறங்கு. இது கவுந்துடும்."

"எறங்கக் கூடாதும்மா. இத்தாவுல கீறேன்."

"இன்னாவா இருந்தா இன்னா? மாசம் எத்தினி?"

அஜீசுன்னிசா சேலையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டாள். கெங்கம்மா அவள் வயிற்றைப் பார்த்து அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"வண்டி பொரண்டுச்சுன்னா உன்னோட வவுத்துல கீறது இன்னா ஆவும்? ஆம்பளைங்க பாக்கக்கூடாது, அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள். கட்டுமரத்தின் பாய்மரத் துணி ஒன்று வந்தது. கரும்பழுப்பு நிறம், மீன் வாடை. ஆறேழு பெண்கள் அதை உயரப் பிடித்து, பின்கதவைச் சுற்றி ஒரு சுவர்போல வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் முன்பக்கம் விரட்டினாள் கெங்கம்மா.

அஜீசுன்னிசா கதவு விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே மணல். அமீர் வைத்த படி பள்ளத்துப் பக்கம் மடங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டி ஒருமுறை முனகியது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால்வரை சூடு ஏறியது.

சாய்ந்த பக்கம் மீனவர்கள் தோள் கொடுத்தார்கள். சக்கரத்தடியில் பலகை போட்டார்கள். துரை எஞ்சினை முடுக்கினான். "ஏலேலோ" என்று ஒரே குரல். வண்டி குலுங்கி, மணலைப் பின்னால் வாரி இறைத்துவிட்டு, எழுந்துகொண்டது.

மணலில் எழுந்த வண்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அங்கேயே மறுபடி புதையும். கெட்டித் தரை வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். துரை அதைத்தான் செய்தான். தள்ளியவர்கள் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ரஹீமும் ஓடினான். துணிச் சுவருக்குள் நின்ற அஜீசுன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை. சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. துணியின் ஒரு நீக்கலில் பார்த்தாள். அவள் வீடு, கதவு திறந்து ஆடிக்கொண்டிருக்க, அவளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அதை அவள் ஒருபோதும் வெளியே நின்று, ஓடும்போது பார்த்ததில்லை. எப்போதும் உள்ளே இருந்தாள். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"நடப்போம், வா," என்றாள் கெங்கம்மா. துணியைப் பிடித்தபடியே பெண்கள் நடந்தார்கள். பத்தடி போகவில்லை. கடல் காற்று துணியில் ஏறிக்கொண்டது. காற்றை வாங்கத் தைத்த துணி; தன் வேலையைச் செய்தது. புடைத்து எழுந்து பெண்களை உப்பளத்துப் பக்கம் இழுத்தது. ஒருத்தி விழுந்தாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் அதோடு மல்லுக்கு நின்றார்கள்.

"வுட்டுடுங்கம்மா," என்றாள் அஜீசுன்னிசா. "போதும். சுருட்டிடுங்க."

முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். கெங்கம்மா மட்டும் பக்கத்தில் வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. பாத்தியில் பலகை கட்டிய நீளக் கொம்பால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் எதற்கு ஒளிந்திருந்தோமோ அது வெளியே இல்லவே இல்லை என்பதுபோல் இருந்தது. கடல் மட்டும் கிட்டே வந்து வந்து போயிற்று. வீடு தூரத்தில் நின்றுவிட்டது. அது நின்ற பிறகும் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

*

சாமான்கள் தலைச்சுமையாக வந்தன. பெண்கள் ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினார்கள். அஜீசுன்னிசா வாங்கி அதனதன் பள்ளத்தில் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் ரஹீம் பின்கதவுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா. வேற வழியில்லை. எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா."

"மச்சானுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல மாட்டேன். துரை சொல்ல மாட்டாரு."

"எனக்குக் கண்ணே தெரியாதண்ணி," என்றான் துரை முன்னாலிருந்து. "தெரிஞ்சிருந்தா அந்த மணல்ல வுட்டிருப்பேனா?"

அவள் சிரிக்கவில்லை. "வண்டியைத் திருப்பச் சொல்லு ரஹீமு. வண்ணாரப்பேட்டைக்குப் போவலாம்."

"அக்கா, நம்ம வூடு தோ கீது! பைத்தியமா உனக்கு?"

"பட்டுச்சுன்னா அன்னிக்கேன்னு சொல்லிகீறேன்."

"கட்டாயத்துல எறங்குனது. அல்லாவே மன்னிப்பான்."

"அல்லா மன்னிப்பான். அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. மச்சான்கிட்டதான் சொன்னேன்." காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "அவுரு ஆளு அனுப்பலை ரஹீமு. அனுப்பியிருந்தா நீ சொல்ற மாரி செய்யலாம்."

ரஹீம் தலையில் கைவைத்துக்கொண்டான். துரை இறங்கி வந்து ரோட்டைப் பார்த்தான். இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மணல். இங்கே திருப்ப முடியாது, ரஹீமின் குடிசைக்கு முன்னால் உள்ள மேட்டில்தான் திருப்ப முடியும் என்றான். ஆகவே திரும்பிப் போவதற்காக எண்ணூருக்குப் போனார்கள்.

ரஹீமின் மனைவி மரியம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேட்டில் மணலைச் சமமாக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. சக்கரம் நிற்கச் செங்கல் பரப்பியிருந்தது. மூன்று பக்கமும் புதுப் பனையோலைத் தட்டி, ஆள் உயரத்துக்குமேல். தட்டிக்கு அப்பால் முகத்துவாரத்தில் ஆறு கடலோடு கலக்குமிடம் பளபளத்தது. பிள்ளை பிறக்கும்வரை சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் அந்தப் பக்கம் வர வழியில்லை. ரஹீம் அதையெல்லாம் யோசித்துத்தான் கட்டியிருந்தான்.

மரியம் வண்டிக்குள் ஏறி விஷயத்தைக் கேட்டாள். அழுதாள்.

"அவுரு நல்ல மனுசன் அண்ணி. இவரு போயி சொன்னாலே வுட்டுடுவாரு."

"இவன் போயி சொன்னா வேற மாரி சொல்லுவான். எனக்காவச் சொல்லுவான்."

மரியம் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் மூடிவைத்த பாத்திரத்தைக் கொடுத்தாள். அதை வைக்க வண்டியில் பள்ளம் இல்லை. அஜீசுன்னிசா மடியில் வைத்துக்கொண்டாள். துரை டயர்களுக்குக் கைப்பம்பால் காற்று அடித்து முடித்தான். வண்டி செங்கல்மேல் ஏறி, பின்வாங்கி, திரும்பியது.

திரும்புகிற வழியில் அவள் திரையை இழுத்துவிட்டாள். இடைவெளி இல்லாமல்.

அந்தி இருட்டி, மஃரிபு தொழுகை முடிந்த நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்குள் நுழைந்தார்கள். சந்து குறுகல். வண்டி இரண்டு பக்கமும் சுவரை உரசாத குறையாக வந்து நின்றது. ரஷீது பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் தொப்பியோடு வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். ரஹீமைப் பார்த்தார். ரஹீம் தரையைப் பார்த்தான். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

பின்கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான். கால் மண்ணுல பட்டுடுச்சு."

ரஷீது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வியாபாரி, கயிற்றுக் கடை வைத்திருப்பவர். ஒரு பேச்சில் எங்கே நெகிழ்வு இருக்கும் என்று தேடத் தெரிந்தவர். தேடினார். கதவுக்குக் கிட்டே வந்து, சந்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டார்:

"செருப்பு போட்டுகினுதானேம்மா எறங்கின?"

 துரை பலகைச் சன்னலைப் பார்த்தான். ரஹீம் ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தான். ரஷீது கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வார்த்தை போதும். வண்டி இப்படியே பின்னால் போய், காலையில் எண்ணூருக்குத் திரும்பிவிடலாம். ஓலைத் தட்டி அங்கேதான் இருக்கிறது. அஜீசுன்னிசாவுக்கு அது புரிந்தது. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதும் புரிந்தது. அவருக்காகவாவது ஆமாம் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது.

"இல்லை மச்சான்," என்றாள். "வெறுங்காலுதான்."

ரஷீது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு வாசலில் இருந்த ஆண்களை எல்லாம் உள்ளே போகச் சொன்னார். தன் பையன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரட்டினார். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய மனைவி ஒரு விரிப்பை எடுத்துவந்து பின்கதவை மறைத்துப் பிடித்தாள்.

அஜீசுன்னிசா குழம்புப் பாத்திரத்தை முதலில் வெளியே நீட்டினாள். பிறகு இறங்கினாள். உள்ளே போய்க் கூடத்து மூலையில் உட்கார்ந்தாள். சேலையை யாரோ கட்டினார்கள்.

வண்டியை இரும்புக் கடைக்குப் போட ரஷீதுக்கு மனம் வரவில்லை. துறைமுகத்தில் ஒரு காலி மனையில் துரை அதை நிறுத்திவைத்தான். இரண்டு மழைக்காலத்தில் அடித்தட்டு இற்றுப்போயிற்று. பிள்ளை வைகாசியில், சேலைக்குப் பின்னால் பிறந்தது. பெண். அழுத சத்தத்தில் கூடத்தில் பேச்சு நின்றது.

எப்போதாவது யாராவது கேட்டால் அஜீசுன்னிசா அந்த நாளைப் பற்றிச் சொல்வாள். தேரைச் சொல்வாள், கிழவரின் முட்டி வலியைச் சொல்வாள், பாய்மரத் துணி பெண்களை இழுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லி அவளே சிரிப்பாள். சந்தில் ரஷீது கேட்ட கேள்வியை மட்டும் சொல்லமாட்டாள். அதை ரஷீதுதான் சொல்வார், தன் கடைசிக் காலம்வரை, ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன பதிலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு.